பின் மட்கார்டை வீட்டிலேயே வார்ப்பது

இங்கிலாந்தில் கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் கார், கட்டுகிறவர்கள் கூடினால் பேச்சு என்ஜினில்தான் போய் நிற்கும். எனக்கு மனசெல்லாம் பாடியில். என் வண்டி, லோட்டஸ் செவன் என்ற சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் வடிவத்தில் வரும் ஒரு கிட். 1957-இல் வந்த முதல் செவனுக்கு மூக்குப் பகுதி அலுமினியம். 1960-இல் வந்த இரண்டாம் சீரிஸிலேயே அது ஃபைபர், அதாவது கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து இறுக விட்ட பொருள், ஆகிவிட்டது. அலுமினியத் தகட்டை ஒவ்வொரு முறையும் தட்டி வளைக்க வேண்டும். ஃபைபருக்கு மோல்ட் என்ற அச்சு ஒன்று கையில் இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம்.

நான் அகலமான டயருக்கு மாறியதால் பின் மட்கார்டு போதவில்லை. பழைய மட்கார்டின் ஓரத்தில் பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) ஒட்டி, மேலே பட்டி பூசி, வேண்டிய அளவுக்கு அகலப்படுத்தினேன். இந்த இடத்தில் தெர்மாகோல் வைக்கவே வைக்காதீர்கள். பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம் அதைக் கரைத்துவிடும். அப்புறம் தேய்ப்பு: 1200 நம்பர் வாட்டர் பேப்பர் வரைக்கும் போய், மோல்ட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வாக்ஸ் பல கோட்டிங். இங்கே விட்ட ஒரு கீறல், இதிலிருந்து எடுக்கும் மோல்டிலும், அந்த மோல்டில் வார்க்கும் ஒவ்வொரு மட்கார்டிலும் தெரியும்.

மோல்ட் எடுப்பதற்கு முன்பே ஓரத்தைப் பற்றி முடிவு செய்துவிட வேண்டும். இங்கே சொந்தமாகக் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்ட ஐவிஏ என்ற அரசுச் சோதனையில் தேற வேண்டும். ஆள்மேல் படக்கூடிய வெளி விளிம்புகளுக்குக் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரம் கேட்பார்கள். வெட்டி விட்ட ஃபைபர் ஓரம் கத்தி மாதிரி நிற்கும், தேறாது. ஓரத்தை உள்பக்கம் மடித்தால் விதி சரியாகிவிடும். ஆனால் மடித்த ஓரம் மோல்டை விட்டு வெளியே வராது. அதனால் அந்த மடிப்புக்கு மட்டும் தனித் துண்டு செய்து, போல்ட் போட்டு மோல்டோடு சேர்த்தேன். வார்த்தபின் போல்டைக் கழற்றினால் துண்டு தனியே வந்துவிடும்.

மோல்ட் தயாரானதும் அதன் உள்ளே முதலில் ஜெல்கோட் பூச வேண்டும். மட்கார்டின் வெளிப்பக்கமாக வரும் நிற ரெசின் பூச்சு அது. சுமார் அரை மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். மெலிந்தால் அடுத்து வரும் ரெசின் அதைத் தாக்கி, முதலைத் தோல் மாதிரி சுருங்கிவிடும். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலில் ஒட்டி வரக்கூடாது. மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, போட அதுதான் நேரம்.

முதல் லேயருக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட். வளைவுகளில் அதுதான் நன்றாகப் படியும். அதற்கு மேல் 450 கிராமில் இரண்டு. மேட்டைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிப்பேன். பிய்ந்த ஓரம் பக்கத்துத் துண்டோடு கலந்துவிடும். பிரஷ்ஷை இழுக்காமல் குத்திக் குத்தி ரெசினை ஏற்ற வேண்டும். கொஞ்ச நேரத்தில் நூல்களைப் பிடித்திருக்கும் பசை கரைந்து, வெள்ளையாக இருந்த மேட் கண்ணாடியாகி, அடியில் ஜெல்கோட்டின் நிறம் தெரியும். வெள்ளையாக நிற்கும் புள்ளி எல்லாம் காற்று. இரும்பு ரோலரால் அதை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுவேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

உதவிக்கு வந்த தம்பி, "அண்ணே, எதுக்கும் இன்னொரு லேயர் போட்டுருவோமே" என்றார். வேண்டாம் என்றேன். மூன்று மில்லிமீட்டர் தாராளம். இலேசாக இருப்பதுதான் செவனின் உயிரே. ஆனால் போல்ட் வரும் இடங்களிலும், டயர் கல்லை வீசும் உள்பக்கத்திலும் கூடுதல் மேட் வைத்தோம். உள்ளே கல் அடித்தால் வெளியே ஜெல்கோட்டில் நட்சத்திரமாக விரிசல் விடும்.

ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். குளிரில் அளவைக் கூட்டுவதைவிட கராஜைச் சூடாக்குவது நல்லது. 15 டிகிரிக்குக் கீழே நான் தொடுவதில்லை. கலந்த ரெசினை ஆழமான டப்பாவில் விடாதீர்கள், சூடேறிப் புகையும். அகலத் தட்டில் ஊற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஹார்ட்னர் பாட்டிலைத் திறக்கவே கூடாது. ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஸ்டைரீன் ஆவிக்கு, தூசிக்குப் போடும் துணி மாஸ்க் உதவாது. கரிம ஆவிக்கான ஃபில்டர் வைத்தது வேண்டும்.

ரெசின் ரப்பர் பதத்தில் இருக்கும்போதே மீந்த ஓரத்தைக் கத்தியால் அறுத்துவிடுங்கள். முழுக்க இறுகிவிட்டால் கிரைண்டர்தான், அந்தத் தூசி உடம்பெல்லாம் அரிக்கும். இடதுபக்க மட்கார்டு வந்துவிட்டது. வலதுபக்கத்துக்குப் பட்டி வேலை நடக்கிறது.