மரியும் மாரியும்

எங்கள் பள்ளியின் பாடகர் குழுவில் நான் சேர்ந்தது பக்தியினால் அன்று. கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கேரல் பவனி போகும் வீடுகளில் முறுக்கும் சுக்குக் காப்பியும் கிடைக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்ததே காரணம். மார்கழிப் பனியில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்தவர் முன்னே நடக்க, ஆர்மோனியத்தை முறைவைத்துத் தூக்கிக்கொண்டு, சம்பா வயல்களின் ஓரமாக ஊர் முழுவதும் சுற்றுவோம். விடியற்காலையில் திரும்பும்போது பெருமாள் கோயில் பஜனைக் கோஷ்டி எதிரே வரும். இரு தரப்பாரும் பாட்டை நிறுத்தி, ஒதுங்கி வழிவிடுவது எங்கள் ஊரின் எழுதாத ஒழுங்கு.

கிறிஸ்தவப் பள்ளியாயினும் எங்களுக்கு உச்சரிப்புச் சொல்லித்தந்தவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய தமிழையா. அமைதியான இரவைப் பாடும் ‘சைலன்ட் நைட்’ என்ற கிறிஸ்துமஸ் பாட்டின் தமிழாக்கத்தை நாங்கள் ஒத்திகை பார்த்த மாலையில் அவர் வாசலில் நின்று கேட்டார். மெட்டு நீண்டு நிற்கும் இடத்தில் இயேசுவின் தாயைக் குறிக்கும் ‘மரி’ என்ற சொல் வந்து விழுந்ததால் நாங்கள் அதை ‘மாரி’ என்று இழுத்துக்கொண்டிருந்தோம். “மாரியம்மன் கோயில் அடுத்த தெருவில் இருக்கிறது; வேண்டுமானால் அங்கே போய்ப் பாடுங்கள்” என்றார். பிறகு உள்ளே வந்து, மகரத்தைக் குறுக்கிவிட்டு ‘ரி’யின்மேல் நீட்டும்படி மேசையில் தட்டித் தட்டிப் பழக்கினார். குறிலை நெடிலாக்கினால் சொல்லே வேறாகிவிடும் மொழியில் அயல் மெட்டைப் பாடுவதன் சங்கடம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பாட்டின் வரலாற்றையும் அவரே தேடிப் படித்து வந்து சொன்னார். யோசேப் மோர் என்ற குருவானவர் 1816இல் எழுதிவைத்திருந்த வரிகளுக்கு பிரான்ஸ் க்ரூபர் என்ற பள்ளி ஆசிரியர் இசையமைக்க, 1818 டிசம்பர் 24 இரவு ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில் இருவரும் கித்தார் துணையுடன் முதன்முதலாகப் பாடினார்கள். “எழுதியவர் குரு, மெட்டுப் போட்டவர் வாத்தியார்” என்பதில் ஐயாவுக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் அவருடைய உண்மையான பிரியம் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரிடம்தான் இருந்தது. ஜெர்மன் மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னருக்கு நண்பராக இருந்த அவர், குறவஞ்சி என்ற நம் மண்ணின் வடிவத்திலேயே பெத்லகேமைப் பாடினார். தமிழில் பிறந்த கீர்த்தனைகளில் சொல்லும் தாளமும் சண்டையிடுவதில்லை என்பார் தமிழையா. நான் இன்றும் அந்தக் கட்சிதான். ஆயினும் கண் கலங்குவது என்னவோ அந்த ஆஸ்திரிய மெட்டுக்குத்தான்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனதை நான் வெளிநாட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்நாள் இரவுதான் நாங்கள் அமைதியைப் பற்றிப் பாடியிருந்தோம். அடுத்த இரண்டு கிறிஸ்துமஸ்களிலும் அந்தப் பாட்டுக்கு எழுந்து நின்றேனே தவிர வாய் திறக்கவில்லை. கடவுள்மேல் கோபம் என்று சொல்ல வெட்கப்பட்டு, தொண்டை சரியில்லை என்றேன்.

மூன்றாம் ஆண்டு ஊருக்கு வந்தபோது, தரங்கம்பாடியில் ஜெர்மன் மறைப்பணியாளர் சீகன்பால்க் 1718இல் கட்டி, மறு ஆண்டே அடக்கமான புதிய எருசலேம் ஆலயத்திற்குக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்காகச் சென்றேன். எனக்கு முன்வரிசையில் தலையில் முக்காடிட்ட ஒரு பாட்டி, பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலேயே பாடிக்கொண்டிருந்தார். அலையில் மகனையும் பேத்தியையும் பறிகொடுத்தவர் என்று அருகிலிருந்தவர் என் காதில் சொன்னார். அந்த நீண்ட இடம் வந்தது. பாட்டி தயங்காமல், குரல் உடைய, ‘மாரி’ என்றே இழுத்தார்.

என் விரல்கள் பழக்கத்தில் முன்பெஞ்சின் முதுகில் ஒருமுறை தட்டின. அடுத்த அடியில் நானும் அவரோடு சேர்ந்துகொண்டு, அவர் பாடியபடியே பாடினேன். தமிழையா பொறுத்தருள்வாராக.