காலிக் கட்டங்கள்

நேற்று இரவு மகள் இரண்டு பாடத்திட்டங்களையும் தரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று கட்டடக்கலை. முதல் பருவம் தொடங்கி ஐந்தாம் ஆண்டு வரை எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. இன்னொன்று அமெரிக்காவில் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, அதாவது பல துறைப் பாடங்களையும் கலந்து படிக்கும் இடம். முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் சொன்னால் போதும். பாதிக் கட்டங்கள் காலி. அதில் வானியல், தத்துவம், சிற்பம் என்று பென்சிலால் எழுதி எழுதி அழித்த தடம்.

“லிபரல் ஆர்ட்ஸ் என்றால் வெறும் கலைப் பாடம்தானே?” என்று கேட்கிறார்கள். இல்லை. அந்தப் பெயருக்கு மூலமான, ஐரோப்பாவின் பழைய ஏழு கலைகளில் இலக்கணம், தர்க்கம், சொற்கலையோடு எண்கணிதம், வடிவியல், இசை, வானியலும் உண்டு. இன்றும் அங்கே இயற்பியல் படிக்கலாம்.

ஒன்று மட்டும் யோசிக்க வேண்டும். கட்டடக்கலைஞராக உரிமம் வாங்க பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும். பொதுப் பட்டம் முடித்து அப்புறம் முதுகலையில் அதைப் படிக்கலாம். பொதுப் பட்டத்துக்கு மேல் அதற்குச் சுமார் மூன்று ஆண்டு ஆகும். செலவும் கூடும்.

‘எனக்கு இதுதான்’ என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு நேர்வழியே நல்லது. என் மகளுக்கு இன்னும் தெரியவில்லை. அதை அவள் பயமில்லாமல் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. சரி என்று, காலிக் கட்டங்கள் உள்ள தாளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.