அரைப்பேர்

"இன்னிக்கு அரைப்பேருதான்" என்று சொல்லிக்கொண்டே கூடையை இறக்கினார் அம்மா. விடிந்ததிலிருந்து மழை, அட்டைக்கடி. பறித்த தேயிலைக் கொழுந்து கிலோ சேரவில்லை, அதனால் பாதிநாள் சம்பளம்தானாம்.

நான் லயத்துக்குள், அதாவது எங்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்குள், உட்கார்ந்து பிரான்சை ஆண்டுகொண்டிருந்தேன்.

டெமாக்ரசி 3. 2013இல் வந்த, ஒரு நாட்டை நாமே ஆளும் கணினி விளையாட்டு. ஒரு டர்ன் என்றால் மூன்று மாத ஆட்சி. ஒரு கொள்கையைத் தொட்டால் அது எதையெல்லாம் இழுக்கிறது என்று பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஓடும். விமர்சகர்கள் மெச்சியது அந்தப் பின்னலைத்தான். எக்செல் தாள் மாதிரி வறட்சி, எந்த நாட்டை எடுத்தாலும் ஒரே முகம் என்று குறை சொன்னவர்களும் உண்டு. சரிதான், ஆனால் எனக்கு அந்த வறட்சி பிடிக்கும்.

என் குறை வேறு.

அதில் கார் ஓட்டுபவர், விவசாயி, ஓய்வு பெற்றவர் என்று எல்லாருமே வாக்காளர்கள். கோபித்தால் நம்மைத் தோற்கடிப்பார்கள். எங்கள் பூட்டன் 1947இல் வாக்குப் போட்டவர். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த வருடத் தேர்தல் சட்டத் திருத்தமும் எங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்த பிறகு அவர் கோபித்தாலும் யாருக்கும் நட்டமில்லை. அந்தக் கோபத்துக்கு எந்த நிறத்தில் கோடு போடுவது?

"தொழிலாளிக்கு இதுல ஏதும் இருக்கா?" அம்மா எட்டிப் பார்த்தார்.

தொழிலாளர் சட்டத்தைக் காட்டினேன். ஈரக்கையால் மவுஸைப் பிடித்துக் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டார்.

முதலாளிகள் பக்கம் சிவந்துபோனது.

"கிடக்கட்டும்" என்று தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.