தங்கம் தேடி மலையேறிய மச்சான்

மெக்சிகோவில் வஹாக்கா நகரத்துக்குப் போனால் மோன்டே அல்பான் மலையைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் என் மச்சான்தான். ஸ்பானியர் காலத்துத் தெருக்களில் சுற்றிவிட்டு, முற்றம் வைத்த ஓட்டலில் சாக்லேட் குடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். "ஏழாம் நம்பர் கல்லறையில கிலோக்கணக்கா தங்கம் எடுத்தாங்களாம் மாப்ள" என்று கிளப்பிவிட்டார்.

மலை நகரத்துக்குப் பக்கம்தான், ஆனால் வழியெல்லாம் ஏற்றம். கி.மு. 500 வாக்கில் சபோடெக் என்ற அந்த ஊர்ப் பூர்வகுடி மக்கள், பள்ளத்தாக்கிலிருந்து 400 மீட்டர் உயரத்தில் மலையுச்சியையே சமன்செய்து ஊர் கட்டியிருக்கிறார்கள். இரும்புக் கருவி கிடையாது, வண்டிமாடு கிடையாது. நடுவில் 300 மீட்டர் நீளத்துக்குத் திடல். அதில் பேருக்குக்கூட நிழல் இல்லை. "தண்ணிக்கு என்ன பண்ணாங்க?" என்றாள் மனைவி. குடும்பம் நடத்துகிறவள் கேட்கிற கேள்வி. மழைநீரைத் தேக்கினார்களாம்.

அப்புறம் 'நடனக்காரர்கள்' கற்களுக்கு வந்தோம். 300க்கும் மேற்பட்ட பலகைக் கற்களில், கைகால் வளைந்த உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் முன்னால் இருந்தது சில கற்கள்தான். மச்சான் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் நின்று அதே மாதிரி ஒரு காலைத் தூக்கி, கையை மடக்கி, வாயையும் லேசாகத் திறந்துகொண்டார். தங்கச்சி படமெடுத்தாள். எங்கள் வழிகாட்டி நல்ல மனுஷர், எல்லாம் முடியும்வரை பேசாமல் காத்திருந்தார்.

"ஆடுகிறவர்கள் என்றுதான் முன்பெல்லாம் நினைத்தார்கள். கொல்லப்பட்ட கைதிகள் என்கிறார்கள் இப்போது. கண் மூடியிருக்கிறது பாருங்கள். இடுப்புக்குக் கீழே பூ மாதிரி சுருள் தெரிகிறதா? ரத்தம். அறுத்துவிட்டார்கள்."

மச்சான் தூக்கிய காலை மெதுவாக இறக்கி, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டார்.

"அண்ணா, ஃபேமிலி குரூப்ல போட்டுட்டேன்" என்றாள் தங்கச்சி. அதற்குள் என் மாமியாரிடமிருந்து பதில் வந்திருந்தது: "சூப்பர் டான்ஸ் கண்ணா. திருஷ்டி சுத்திப் போடணும்."

மற்ற கட்டடங்களுக்கெல்லாம் கோணலாக, அம்புமுனை வடிவத்தில் ஒரு கட்டடம் நிற்கிறது. வானத்தைப் பார்த்து நாள் கணித்த இடமாக இருக்கலாம் என்றார் வழிகாட்டி. கேட்கும் நிலையில் மச்சான் இல்லை. நேரே கல்லறைக்கு நடந்தார்.

1932ல் அல்போன்சோ காசோ என்ற தொல்லியலாளர் திறந்த கல்லறை அது. சபோடெக்குகள் கட்டியதில், பின்னாளில் மிக்ஸ்டெக்குகள் என்ற வேறொரு பூர்வகுடியினர் தங்கள் ஆட்களைத் தங்கம், முத்து, நீலப்பச்சைக் கல் எல்லாம் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். இப்போது அங்கே வெறும் கல் அறைதான்.

"தங்கம் எங்கே?"

"கீழே நகரத்தில். சாந்தோ தொமிங்கோ பழைய மடத்து மியூசியத்தில்."

எங்கள் விடுதிக்குப் பின்தெருவில் இருப்பதுதான் அந்த மடம். காலையில் அதன் வாசலில் நின்றுதான் வேன் ஏறியிருந்தோம்.

அலறிப்புடைத்துக்கொண்டு கீழே இறங்கி ஓடினோம். கதவு சாத்தியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. மறுநாள் விடியற்காலையில் எங்களுக்குப் பஸ்.

மச்சான் யாரோடும் பேசவில்லை. சந்தைக்குள் நுழைந்து, எலுமிச்சையும் மிளகாயும் போட்டு வறுத்த வெட்டுக்கிளியில் ஒரு பொட்டலம் வாங்கி, நின்ற இடத்திலேயே பாதியைக் காலி செய்தார். காரம் பத்தவில்லையாம்.