கேபின் ஆடினால் சீட்டைக் குறை சொல்லாதீர்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜல்லி குவாரிகளில் பிரேக்கர் (பாறையை அடித்து உடைக்கும் ஹைட்ராலிக் சுத்தியல்) போட்டு ஓடும் ஹிட்டாச்சியில் (எந்தக் கம்பெனி எக்ஸ்கவேட்டராக இருந்தாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் ஹிட்டாச்சிதான்) ஆபரேட்டர் முதுகு வலிக்கிறது என்றால் வழக்கமாக இரண்டு வைத்தியம் நடக்கும். சீட்டின் மேல் இன்னொரு ஸ்பாஞ்ச் போடுவார்கள். இல்லையென்றால் கேபினுக்கு அடியில் உள்ள போல்ட்டையெல்லாம் பைப் போட்டு இழுத்து முறுக்குவார்கள். இரண்டுமே பெரும்பாலும் வலியைக் கூட்டத்தான் செய்யும்.

காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. ரப்பரோ ஸ்பிரிங்கோ, மேலே பாரம் ஏறியதும் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால், அந்தப் பாரம் தன்போக்கில் வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது கிடைக்கும். 4 மி.மீ. அமுங்கும் கேபின் மவுண்டிங் (கேபினை அடியில் தாங்கும் ரப்பர் தாங்கி) என்றால் ஏறக்குறைய 8 ஹெர்ட்ஸ். ரப்பர் அதிர்வில் கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் நிஜத்தில் இன்னும் சற்று கூடும். இந்த எண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேல் வேகமாக வரும் அதிர்வைத்தான் மவுண்டிங் தடுக்கும். அதற்குக் கீழே வருவது அப்படியே ஏறும். எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் பெருகியே ஏறும்.

ஆறு சிலிண்டர் இன்ஜின் 900 ஆர்பிஎம்மில் ஐடிலில் நின்றால் அதன் முக்கிய அதிர்வு 45 ஹெர்ட்ஸ். 8 ஹெர்ட்ஸ் மவுண்டிங் அதைச் சுலபமாக விழுங்கிவிடும். சிக்கல் பிரேக்கரில். 20 டன் மெஷினில் மாட்டும் பிரேக்கர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 350 முதல் 700 அடி அடிக்கும், அதாவது 6 முதல் 12 ஹெர்ட்ஸ். கேபின் தானாக ஆடும் எண்ணும் அதற்குள்ளேயே வருகிறது. போதாததற்கு, உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வை அதிகம் வாங்குவது 4 முதல் 8 ஹெர்ட்ஸில். மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. கனமான ஸ்பாஞ்சும் ஆள் எடையில் 4 ஹெர்ட்ஸ் சுமாரில்தான் ஆடும். ஆகவே இன்னொரு ஸ்பாஞ்ச் சுகமாக இருப்பதெல்லாம் மெஷின் நிற்கும்போது மட்டும்தான்.

பர்கூர், ஜகதேவி பக்கம் பிளாக் எடுக்கும் கிரானைட் குவாரிகளில் கதை வேறு. அங்கே கல்லில் கீறல் விழக் கூடாது என்பதால் பிரேக்கர் வேலை குறைவு. பிளாக்கைப் புரட்டும்போது வரும் ஒற்றை அதிர்ச்சியும், வெறும் பாறைமேல் டிராக் ஓடும்போது வரும் உதறலும்தான் அதிகம். அதனால் அங்கே சீட்டின் அட்ஜஸ்ட்மென்ட் பெரிதாகக் கைகொடுக்கும். ஜல்லி குவாரியில் மவுண்டிங்கைப் பார்க்காமல் சீட்டைத் திருகிப் பயனில்லை.

எங்கே பழுது என்பதை மெஷினே சொல்லும். ஐடிலில் கண்ணாடி நடுங்கி, ரேஸ் கொடுத்ததும் நின்றால் இன்ஜின் மவுண்டிங். ஸ்விங் செய்து நிறுத்தியபின் கேபின் மட்டும் மூன்று நான்கு முறை அசைந்தால் கேபின் மவுண்டிங். பள்ளத்தில் இறங்கும்போது இடுப்பில் ‘டக்’கென்று இடித்தால் சீட் அடித்தட்டில் மோதுகிறது. பிரேக்கர் அடிக்கும்போது ஹோஸ் பாம்புபோல் துள்ளினால் அக்யுமுலேட்டரில் (ஆயில் அழுத்தத்தின் துடிப்பை வாங்கிக்கொள்ளும் வாயுக் குடுவை) நைட்ரஜன் குறைந்திருக்கும் அல்லது டயஃப்ரம் கிழிந்திருக்கும். அப்போது கேபினில் எதை மாற்றினாலும் பணம் வீண். பிரேக்கர் பெட்டிக்குள் இருக்கும் பஃபர் ரப்பர் தேய்ந்தாலும், உளி புஷ் தளர்ந்தாலும் அப்படியே.

மவுண்டிங் வாங்குவதற்கு முன் ஒரு டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு கேபினுக்கு அடியில் பாருங்கள். கேபின் தளத்துக்கும் மெஷின் டெக்குக்கும் நடுவிலுள்ள சந்தில் ஜல்லிச் சில்லும் கிரீஸ் கலந்த மண்ணும் கெட்டியாக இறுகியிருக்கும். அந்தக் கட்டி வழியாகவே அதிர்வு ஏறிவிடும், மவுண்டிங் சும்மா உட்கார்ந்திருக்கும். ஏசி ஹோஸ் அல்லது பைலட் ஹோஸ் (லீவரிலிருந்து வால்வுக்குப் போகும் சின்ன ஆயில் ஹோஸ்) மாற்றிய இடத்தில், புதிய ஹோஸ் நீளம் குறைந்து விறைப்பாகக் கேபினைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே கோளாறு. கிளாம்பைத் தளர்த்தி ஹோஸுக்கு ஒரு வளைவு கொடுத்தாலே போதும். செலவே இல்லாமல் தீரும் புகார்களில் பாதி இந்தச் சந்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இப்போது மவுண்டிங்கே. இரண்டு வகை அதிகம் வருகிறது. பழைய வகையில் மேலே ஒரு ரப்பர், கீழே ஒரு ரப்பர், நடுவில் ஓர் இரும்புக் குழாய், அதற்குள் போல்ட். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் குழாய் தாங்கிக்கொள்ளும், ரப்பர் அளவுக்கு மேல் நசுங்காது. கழற்றி மாட்டும்போது அந்தக் குழாய் தொலைந்துபோனால், அல்லது அதைவிடக் குட்டையான குழாய் போட்டால், ஒவ்வொரு சுற்றும் ரப்பரை நசுக்கிக் கல்லாக்கிவிடும். ‘நல்லா டைட் பண்ணிட்டேன், ஆட்டம் நிக்கல’ என்பதன் அர்த்தம் இதுதான். கிரஷர் பக்கத்திலேயே கிடக்கும் பழைய கன்வேயர் பெல்ட்டை வட்டமாக வெட்டி வாஷராகப் போடும் பழக்கமும் அப்படித்தான். பெல்ட்டுக்குள் துணி அடுக்கு இருக்கிறது, 1 மி.மீ. அமுங்கினாலே அதிகம். மேலே சொன்ன கணக்குப்படி அது 15.8 ஹெர்ட்ஸ். பிரேக்கரின் அடி எதையும் அது தடுக்காது, வேகமாக அடிக்கும்போது கூட்டியே அனுப்பும்.

இரண்டாவது வகை, உள்ளே சிலிக்கான் ஆயில் உள்ளது. மேலே கூம்பு ரப்பர் பாரம் தாங்கும். அதிலிருந்து தொங்கும் தட்டு கெட்டியான ஆயிலுக்குள் நகர்ந்து ஆட்டத்தை அடக்கும். ரப்பர் கிழிந்தால் ஆயில் கசியும். கசிந்த பிறகும் கேபின் கீழே விழுந்துவிடாது, உயரமும் பெரிதாகக் குறையாது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. மவுண்டிங்கைச் சுற்றிப் பிசுபிசுப்பான கறையில் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேபின் கைப்பிடியைப் பிடித்துப் பலமாக ஒருமுறை தள்ளி விடுங்கள். ஒரு அசைவில் அடங்கினால் ஆயில் இருக்கிறது. நான்கு மூலையிலும் கேபினுக்கும் டெக்குக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். ஒரே அளவு ரப்பர் உள்ள பக்கத்தில் ஒரு மூலை மட்டும் 3, 4 மி.மீ. இறங்கியிருந்தால் அது போய்விட்டது.

மாற்றும்போது செட்டாக மாற்றுங்கள். ஒன்று புதிது, மூன்று பழையது என்றால் புதியதன்மேல் பாரம் கூடி அதுவே முதலில் போகும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ரப்பர் கடினம் வேறாக இருக்கலாம், பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும். பார்ட் நம்பரோ வண்ணப்புள்ளியோ பார்த்து, கழற்றும் முன்பே பெயின்ட் மார்க் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இன்ஜினை அணைத்து, லீவரை நாலா பக்கமும் அசைத்து பிரஷரை இறக்கி, பேட்டரி ஸ்விட்சைத் துண்டிக்க வேண்டும். எல்லா மவுண்டிங் போல்ட்டையும் தளர்த்தியபின் ஒரு பக்கம் மட்டும், கேபின் தூணுக்கு நேர்கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கியால் 20 முதல் 30 மி.மீ. தூக்கினால் போதும். அதற்குமேல் தூக்கினால் ஹோஸும் வயரிங்கும் இழுபடும். தூக்கியதும் கட்டை சொருகாமல் உள்ளே கை விடக் கூடாது. புதியதை வைத்து எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றி, கேபின் தன் பாரத்தில் அமர்ந்தபிறகு குறுக்கும் மறுக்குமாக, மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு முறுக்குங்கள். 50 மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

அடியில் வரும் அகலமான இரும்பு வாஷரை ‘இடிக்குது’ என்று கழற்றி எறிபவர்கள் இருக்கிறார்கள். மெஷின் கவிழ்ந்தால் கேபின் பிய்த்துக்கொண்டு போகாமல் பிடிப்பது அந்த வாஷர்தான். மவுண்டிங் பிராக்கெட்டில் வெல்டிங் வைப்பதும் கூடாது.

நம் பக்கத்து வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகும். டீசல் பட்டால் உப்பி மெத்தென்றாகி உதிரும். டேங்க் நிரப்பும்போது வழிந்த டீசல் மவுண்டிங் மேல் ஓடாமல் பார்த்துக்கொண்டாலே ஆயுள் கூடும்.

மவுண்டிங் சரியான பிறகே சீட். சஸ்பென்ஷன் சீட்டின் முன்புறம் உள்ள குமிழியோ கைப்பிடியோ ஆள் எடைக்கானது, பெரும்பாலும் 50 முதல் 120, 130 கிலோவரை. உட்கார்ந்தவர் எடையில் சுமார் முக்கால் பங்குதான் சீட்டில் விழும், மீதி கால் வழியாகத் தரைக்குப் போகும். அந்தக் கழிவு டயலிலேயே சேர்ந்திருப்பதால் உங்கள் முழு எடையையே வையுங்கள். டயல் அழிந்துபோயிருந்தால் டேப் எடுங்கள். காலி சீட்டில் மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் உள்ள உயரம் ஒன்று, இரண்டு பேர் சேர்ந்து முழுதாக அழுத்தியபோது உள்ள உயரம் ஒன்று. ஆபரேட்டர் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றி உட்கார்ந்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். சீட் உயரத்தை அதற்குப் பிறகுதான் மாற்ற வேண்டும். குள்ளமானவர் உயரம் வேண்டும் என்பதற்காக எடைக் குமிழியை ஏற்றி வைப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. 60 கிலோ ஆள் 100 கிலோவில் உட்கார்ந்தால் சீட் மேலேயே முட்டி நின்று வெறும் நாற்காலி ஆகிவிடும். 90 கிலோ ஆள் 60-இல் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடித்தட்டில் மோதும். ஷிஃப்ட் மாறும்போது சாவியோடு குமிழியும் கை மாறுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சீட்டுக்கு அடியில் கத்தரிபோல் விரிந்து மடங்கும் சட்டத்தின் ரோலருக்குள் கல்தூசி புகுந்து இறுகினால் சின்ன அதிர்வுக்குச் சீட் நகரவே நகராது. பெரிய பள்ளத்துக்கு மட்டும் திடுக்கென்று இறங்கும். காற்றடித்துச் சுத்தம் செய்து, மேனுவல் சொல்லும் மசகை லேசாகப் போடுங்கள். கிரீஸை அப்பினால் தூசிக்கு இன்னும் கொண்டாட்டம்.

சில சீட்டில் டேம்பருக்கு, அதாவது ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பருக்கு, தனி லீவர் உண்டு. கடினமாக வைத்தால் பெரிய ஆட்டம் அடங்கும், ஆனால் பிரேக்கரின் வேகமான துடிப்பு கூடுதலாக ஏறும். மென்மையாக வைத்தால் நேர்மாறு. ஆகவே பிரேக்கருக்கு மென்மை, பாறைமேல் நகர்வதற்கு ஒரு படி கடினம். இதைத் தானாகச் செய்யும் டேம்பர்களும் உள்ளன. ஆயிலில் இரும்புத்தூள் கலந்திருக்கும், சுருளில் கரன்ட் பாய்ந்தால் ஆயில் மில்லிவினாடிகளில் கெட்டியாகும், சென்சார் சொல்லச் சொல்ல மாறும். முன்பின் ஆட்டத்துக்கான பூட்டு இருந்தால் டோசர் ஓட்டும்போது திறந்தும், நுணுக்கமாகக் கல் எடுக்கும்போது பூட்டியும் வையுங்கள்.

மாற்றியது பலித்ததா என்று பார்க்க, அதிர்வு காட்டும் ஆப் உள்ள ஒரே போனைச் சீட் அடித்தட்டில் டேப்பால் ஒட்டி 60 வினாடி, பிறகு மெத்தைக்குக் கீழுள்ள மேல்தட்டில் 60 வினாடி, ஒரே வேலையில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது எண் முதலைவிடக் குறைந்தால்தான் சீட் வேலை செய்கிறது. கூடினால் பெருக்குகிறது. இது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். உடம்பு ஏற்கும் அளவை முறையாக அளக்க அதற்கான கருவியும், ஐஎஸ்ஓ 2631 என்ற சர்வதேசத் தரம் சொல்லும்படி ஒவ்வொரு வேக அதிர்வுக்கும் தனி மதிப்பு கொடுத்துக் கணக்கிடும் முறையும் வேண்டும்.

அப்படி முறையாக அளந்த எண் கையில் இருந்தால் மணிக்கணக்கு போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதி 8 மணி நேரத்துக்கு 0.5 மீ/வி² தாண்டினால் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது, 1.15 உச்ச வரம்பு. சீட்டில் 0.8 வந்தால் 0.5-க்குச் சமமாக ஓட்டக்கூடிய நேரம் 3 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். அதே மெஷினில் அதிர்வு 0.6 ஆகக் குறைந்தால் அது ஐந்தரை மணி நேரம். நம் குவாரிகளில் பிரேக்கரில் ஒருவரே 10 மணி நேரம் உட்கார்ந்தால் 0.6 கூட 0.67 ஆகிவிடும். இரண்டு ஆபரேட்டர் இருந்தால் பிரேக்கரையும் பக்கெட்டையும் மதியச் சாப்பாட்டோடு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மாறி உட்காரும்போது எடைக் குமிழியையும் திருப்பச் சொல்லுங்கள்.