வைரஸுக்கு மருந்து இல்லை, பூச்சிக்குத்தான் இருக்கிறது

சம்பா நட்டு முப்பது நாளில் வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் மஞ்சளடித்துக் குட்டையாக நின்றுவிட்டால், டெல்டாவில் முதலில் விழுவது யூரியா. பச்சை திரும்பவில்லை என்றால் உரக்கடையில் போய் "வைரஸ் மருந்து" கேட்கிறோம். கடையில் பூச்சிமருந்து கொடுத்தால் பாதியாவது பலன் உண்டு. பூஞ்சாணக்கொல்லியோ ஆன்டிபயாடிக்கோ கொடுத்தால் காசும் போகும், நாளும் போகும்.

காரணம் எளிது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் செல்சுவரை உடைக்கும், அல்லது அது புரதம் செய்யும் ரைபோசோமை அடைக்கும். பூஞ்சாணக்கொல்லியும் பூஞ்சாணத்தின் செல்லுக்குள் ஏதோ ஒரு வேலையைத்தான் நிறுத்துகிறது. வைரஸுக்குச் செல்லே கிடையாது. கொஞ்சம் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ, அதைச் சுற்றி ஒரு புரத உறை, பயிர் வைரஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு அவ்வளவுதான். சுவாசம் இல்லை, உணவு இல்லை, சொந்த ரைபோசோம் இல்லை. நெல்லின் செல்லுக்குள் நுழைந்த பிறகு நெல்லின் ரைபோசோமை வைத்தே தன் புரதத்தைச் செய்துகொள்கிறது. அதை நிறுத்த வேண்டுமானால் நெல்லின் வேலையைத்தான் நிறுத்த வேண்டும்.

ஆனால் வைரஸுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பயிரின் தடித்த செல்சுவரைத் துளைக்க அதனால் முடியாது. யாராவது துளை போட்டுக் கொடுக்க வேண்டும். அது சாறு உறிஞ்சும் பூச்சியின் ஊசிவாயாக இருக்கலாம், அரிவாளாகவும் இருக்கலாம். நாம் தடுக்க முடிந்த இடம் அந்தத் துளை ஒன்றுதான்.

நெல்லை இப்படி மஞ்சளாக்கிக் குட்டையாக்கும் வைரஸ் நோயான துங்ரோவை எடுத்துக்கொள்வோம். இது ஒரு வைரஸ் அல்ல, இரண்டு. ஒன்று கோல் வடிவம், உள்ளே ஏறத்தாழ 8,000 எழுத்து (மரபுச் சங்கிலியின் ஒரு கண்ணிதான் ஓர் எழுத்து) நீளமுள்ள ஈரிழை டிஎன்ஏ. மற்றது உருண்டை, சுமார் 12,000 எழுத்து ஆர்என்ஏ. உருண்டையின் குறுக்களவு 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் முப்பத்து மூவாயிரத்தை வரிசையாக அடுக்கலாம். பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்குவது கோல் வைரஸ், ஆனால் அதற்குப் பச்சைத் தத்துப்பூச்சியின் மேல் ஏறத் தெரியாது. உருண்டை வைரஸ் கூட இருந்தால்தான் பூச்சியோடு போகும். உருண்டை மட்டும் பயிரில் இருந்தால் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. பச்சையாக நிற்கிற வயலும் நோய்க்கு வழிவிட்டுக்கொண்டிருக்கலாம் என்பது இதனால்தான்.

பூச்சி சில நிமிடங்கள் உறிஞ்சினாலே வைரஸ் ஒட்டிக்கொள்ளும். காத்திருப்புக் காலம் இல்லை, அடுத்த தூரில் உட்கார்ந்ததும் பரவும். அதே சமயம் நாலைந்து நாளில் அந்தச் சக்தி போய்விடும், குஞ்சு தோலுரித்தாலும் போய்விடும், முட்டை வழியாகவும் இறங்காது. ஆகவே பூச்சி நோயோடு பிறப்பதில்லை, எங்கிருந்தோ எடுத்துக்கொள்கிறது. அந்த "எங்கிருந்தோ" பெரும்பாலும் குறுவை அறுத்த வயலின் மறுதாம்பு. குறுவைத் தாள் துளிர்த்து நிற்கும்போதே பக்கத்தில் சம்பா, தாளடி நாற்றங்கால் விட்டால், நோயையும் நாற்றையும் அருகருகே வைக்கிறோம் என்று பொருள். தாளை உடனே மடக்கி உழுவதுதான் முதல் மருந்து. நாற்றங்காலை விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் விடக்கூடாது, தத்துப்பூச்சி வெளிச்சத்துக்கு வரும். துங்ரோ வழக்கமாக வரும் ஊரில் தூருக்கு இரண்டு பூச்சி தெரிந்தாலே தயாமீத்தாக்சம் 25 டபிள்யூஜி ஏக்கருக்கு 40 கிராம், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். வரப்புப் புல்லையும் விடாமல் தெளிக்க வேண்டும். இது நோய் வந்த தூரைக் குணப்படுத்தாது, அடுத்த தூரைக் காக்கும்.

மஞ்சள் எல்லாம் துங்ரோ இல்லை. தழைச்சத்துக் குறை வயல் முழுக்க ஒரே சீராக வெளுக்கும், துத்தநாகக் குறையில் இலையில் துருப்புள்ளி விழும். துங்ரோ நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இறங்கும், திட்டாக இருக்கும். சந்தேகம் இருந்தால் அயோடின் சோதனை செய்யலாம். 100 மில்லி தண்ணீரில் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 2 கிராம் அயோடின் கரைத்து, இலை நுனியில் 10 சென்டிமீட்டர் வெட்டி 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவினால், நோயுள்ள இலையில் கருநீலக் கோடு தெரியும். நோய்ப்பட்ட இலையிலிருந்து மாவுச்சத்து வெளியேறாமல் தங்கிவிடுவதுதான் காரணம். வெயில் ஏறுவதற்கு முன், விடியற்காலையில் இலையை எடுக்க வேண்டும். பகலில் நல்ல இலையிலும் மாவுச்சத்து சேர்ந்துவிடும், சோதனை ஏமாற்றும்.

நெல் தரிசு உளுந்தில் வரும் மஞ்சள் தேமல் வேறு கணக்கு. அதன் வைரஸ் இரண்டு உருண்டை ஒட்டிப் பிறந்த மாதிரி இரட்டைத் துகள், உள்ளே வட்டமான ஓரிழை டிஎன்ஏ, சுமார் 2,700 எழுத்து வீதம் இரண்டு துண்டு. பரப்புவது வெள்ளை ஈ. இங்கே வைரஸ் ஈயின் குடலில் இறங்கி, உடல் திரவம் வழியாக எச்சில் சுரப்பிக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். ஆனால் சேர்ந்துவிட்டால் நாள்கணக்கில் தங்கும். அதனால் ஈ பெருகுவதற்கு முன் தடுப்பதில் பலன் அதிகம். விதைக்கும்போதே கிலோவுக்கு 5 மில்லி இமிடாகுளோபிரிட் 600 எஃப்எஸ் நேர்த்தி செய்யலாம், மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கலாம், எதிர்ப்புள்ள வம்பன் ரகங்களைப் போடலாம். பைரித்ராய்டு வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈ கூடத்தான் செய்யும்.

வாழையில் முடிக்கொத்து நோய்க்கு அறிகுறி இலைக்காம்பில், நடுநரம்பில் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்று. பிறகு இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிமிரும். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத் தோட்டங்களில் நடக்கும் தவறு, நோய் கண்ட மரத்தைப் பார்த்ததும் வெட்டிச் சாய்ப்பது. மட்டை இடுக்கில் இருக்கும் கருப்பு அசுவினி வைரஸை ஆயுள் முழுக்கச் சுமக்கும். மரம் காய்ந்ததும் அது பக்கத்து வாழைக்குப் போய்விடும். முதலில் அசுவினியைக் கொல்லுங்கள். பிறகு 400 மில்லி தண்ணீரில் 50 கிராம் 2,4-டி களைக்கொல்லியைக் கரைத்து, தண்டில் 4 மில்லி ஊசியாகப் போட்டால் கிழங்கோடு மடியும். அந்தக் கட்டையிலிருந்து பக்கக்கன்று எடுக்கவே கூடாது.

வைரஸ் போலவே தெரிந்து வைரஸ் அல்லாததும் உண்டு. எள்ளில் பூவெல்லாம் இலைக்கொத்தாக மாறும் பூவிலை நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா. சுவர் இல்லாத பாக்டீரியா அது, சொந்த ரைபோசோம் உள்ள செல். அதனால் ரைபோசோமை அடைக்கும் ஆன்டிபயாடிக்கான டெட்ராசைக்ளின் அதைக் கட்டுப்படுத்தும். பெனிசிலின் சுவரைத் தாக்குவது, சுவரே இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

வைரஸைவிட எளிமையான நோய்க்காரணிகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புருசினர் 1982ல் பெயர் வைத்த பிரியானில் மரபுப்பொருளே கிடையாது. தப்பாக மடிந்த புரதம் நல்ல புரதத்தையும் தப்பாக மடிக்க வைக்கும். ஆடு, மாட்டின் மூளையைத் தாக்குவது அது, பயிருக்கு வருவதில்லை. வைராய்டு நேர் எதிர், உறைகூட இல்லாத வெறும் ஆர்என்ஏ வட்டம். பிலிப்பைன்ஸில் கோடிக்கணக்கான தென்னைகளைக் கொன்ற கடாங்-கடாங் வைராய்டின் நீளம் 246 எழுத்துதான். எலுமிச்சை வகையில் வரும் எக்சோகார்டிஸ் வைராய்டு ஒட்டுக்கட்டும் கத்தியில் பரவும். கத்தியைத் தீயில் காட்டினால் போதும் என்று நினைக்கக்கூடாது, வைராய்டு சூட்டைத் தாங்கும். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் ஒரு நிமிடமாவது முக்கி எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவுங்கள், பிளீச் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.