டப்பா மூடியின் சத்தம்

எவர்சில்வர் டப்பாவைச் சத்தம் வராமல் திறக்க, அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூடியைக் கட்டைவிரலால் மெல்ல நெம்ப வேண்டும். இரண்டு வருடமாக அநேகமாக எல்லா இரவும் இதைச் செய்தேன்.

2022-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தது. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருவார். நான் ஆபீஸ் விட்டு வந்ததும் கிளம்பிவிடுவார். அப்பாவுக்கு மருந்து கொடுத்து, துணி மாற்றி, படுக்க வைக்கும்போது பத்தே முக்கால் ஆகிவிடும். நேராகச் சமையலறைதான். லைட் போடாமல், நின்றபடியே மணப்பாறை முறுக்கு ஏழெட்டு உள்ளே போகும். திருச்சியில் அது இல்லாத வீடு உண்டா? வயிற்றில் பசியே இருக்காது. வாய் மட்டும் நமநம என்றிருக்கும்.

எடை பதினோரு கிலோ ஏறியதும் ஒரு டயட்டீஷியனிடம் போனேன். நாளுக்கு 1,200 கலோரி என்று சார்ட் கொடுத்தார். காலையில் ஓட்ஸ், சாயங்காலம் ஆறு மணிக்குள் சூப், அதற்கு மேல் தண்ணீர்தான். மூன்று வாரம் ஒழுங்காக இருந்தேன். நான்காவது வாரத்தில் முன்பைவிட மோசமாகிவிட்டது. ராத்திரி படுத்துக்கொண்டு போனில் பிரியாணி வீடியோவாகப் பார்ப்பேன், அப்புறம் எழுந்து போய் டப்பா காலியாகும்வரை தின்பேன். மறுநாள் பட்டினி. இதைச் சொன்னபோது, "உங்களுக்கு மனக்கட்டுப்பாடு போதாது" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

ஒரு இரவு டப்பா காலியான பிறகு 14416-க்குப் போன் செய்தேன். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பேசிய பெண் என்னை அவசரப்படுத்தவில்லை. ஒரு கவுன்சலரை நேரில் பார்க்கச் சொன்னார்.

கவுன்சலர் எடை எவ்வளவு என்று கேட்கவே இல்லை. வாரத்தில் எத்தனை முறை, நிறுத்த முடியாமல் போகிறதா, பிறகு வாந்தி எடுக்கிறீர்களா, எத்தனை மாதமாக என்றுதான் கேட்டார். கட்டுப்பாடில்லாமல் அள்ளித் தின்பது 2013-லிருந்து அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகவே இருக்கிறதாம். அதனால் ஒரு மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். எனக்கு மருந்து தேவைப்படவில்லை. ஆனால் இந்தக் கேள்விகளுக்கு ஆமாம் என்று பதில் சொல்பவர்கள் தயவுசெய்து அந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

அப்புறம் மின்னசோட்டா ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1944-45-ல் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். சதா சாப்பாட்டு நினைப்பாகவே ஆகி, சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பட்டினி முடிந்த பிறகு சிலரால் சாப்பிடுவதை நிறுத்தவே முடியவில்லை. அவர்களுக்குக் கொடுத்தது நாளுக்குச் சுமார் 1,600 கலோரி. அது என் சார்ட்டைவிட அதிகம்! என் பிரியாணி வீடியோக்கள் ஞாபகத்துக்கு வந்தன. மனக்கட்டுப்பாடு போதாது என்ற பேச்சு அன்றோடு என்னை விட்டுப் போனது.

ஆகவே முதல் வேலை, சாப்பிடுவது. மதியம் வயிறாரச் சாதம், ஐந்தரைக்குச் சுண்டல், எட்டு மணிக்கு அப்பாவோடு உட்கார்ந்து தோசை. இதிலேயே பாதி குறைந்தது.

மீதிப் பாதிக்கு ஒரு நோட்டு. கலோரி எதுவும் எழுதவில்லை. எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, வயிற்றுப் பசியா வாய் நமநமப்பா, இவ்வளவுதான். கூடவே ஒரு பயிற்சி. சிகரெட்டை விட முயல்பவர்களுக்காக ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் சொல்லிக்கொடுத்தது அது. ஆசையை அலையாக நினைத்து, அடக்காமல், அதன்படி ஆடாமல், அது ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் நாள் தாடை இறுகியது, தொண்டையில் ஏதோ அடைத்தது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. மறுநாள் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. எழுந்து போய்த் தின்றேன், அதையும் எழுதி வைத்தேன்.

அந்த அடைப்பு எங்கிருந்து வருகிறது என்று நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. மோசமான இரவுகளில் பெரும்பாலும் புனேயிலிருந்து அண்ணன் பேசியிருக்கிறான். "அப்பா எப்படி இருக்கார்?" "நல்லா இருக்கார்ணா." அதோடு போனை வைத்துவிட்டு டப்பாவிடம் போயிருக்கிறேன். ஆறு வாரம் எழுதிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொன்னேன்: "அண்ணா, என்னால முடியல." அவன் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "ஏன்டா இத்தனை நாள் சொல்லல?" என்றான். இப்போது வாரம் மூன்று இரவு ஓர் அட்டெண்டர் வருகிறார், பணம் அவன் தருகிறான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து ஒரு வாரம் இருக்கிறான்.

எடை நாலு கிலோதான் குறைந்திருக்கிறது. அதை நான் இப்போது கணக்குப் பார்ப்பதில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு மோசமான இரவுகள் இன்னும் வரும். வந்தால் மறுநாள் பட்டினி கிடையாது, காலையில் இட்லிதான்.

முறுக்கு வாங்குவதை நிறுத்தவில்லை. டப்பா சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. நேற்று சாயங்காலம் லைட்டைப் போட்டு, தட்டு எடுத்து வைத்து, டப்பாவைத் திறந்தேன். மூடி 'டங்' என்றது. உள்ளேயிருந்து அப்பாவின் குழறிய குரல்: "எனக்கு?" ஒன்றைச் சின்னச் சின்னதாக உடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.